கழுத்தில் ஒரு கோடு

கண்ணில் பட்ட குறையைச் சொல்லிவிடுவது நேர்மைதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வாயைவிட்டுப் போன சொல் கேட்டவனுக்குள் இறங்கி, அவன் கையைப் பிடித்து வேறொரு வேலையைச் செய்ய வைத்தால், அந்த வேலை யாருடையது? சீட் தைக்கிற அக்காவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி முன்னால் வந்து நின்றுகொள்கிறது. ஒரே பட்டறையில் அவளோடு வேலை பார்த்து, ஒரே தட்டில் கிழங்கு உரித்த அவள் கணவனே இதற்குப் பதில் கண்டுபிடிக்கவில்லை.

கணவனுக்குப் பட்டறைப் பெயர் பஞ்சு. மோட்டார் சைக்கிள் சீட்டுக்குள் வைக்கிற ஃபோமை வெட்டிச் சீவி வடிவத்துக்குக் கொண்டுவருவது அவன் வேலை. அதன்மேல் தோலை இழுத்துத் தைப்பது அவள் வேலை. "நான் உள்ள, அவ வெளிய. உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப்போகுது?" என்று பஞ்சு சொல்வான். சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொள்வான். அக்கா சிரிக்க மாட்டாள். அவளுக்குச் சிரிப்பு வராது என்பதில்லை; சிரிப்பதற்கு முன்னால் அந்த நகைச்சுவையில் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பாள், அதற்குள் நேரம் போய்விடும்.

அவர்களிடம் வந்ததெல்லாம் கஃபே ரேசர் வண்டிகள். அப்பா காலத்துப் பழைய பைக் ஒன்றை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து, ஹேண்டிலைத் தாழ்த்தி, கால் வைக்கிற இடத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஓட்டுகிறவன் டேங்கின் மேல் கவிழ்ந்து படுத்துப் போகிற மாதிரி மாற்றுவார்கள். ஒரு டீக்கடையிலிருந்து இன்னொன்றுக்கு யார் முந்துவது என்று பந்தயம் ஓட்டியவர்களால் வந்த பெயராம். தேவையில்லாததையெல்லாம் கழற்றி எறிவதுதான் இந்தக் கலையின் முதல் பாடம். சில சமயம் ஆர்வத்தில் தேவையானதும் கூடவே போய்விடும்.

சீட்தான் கடைசி வேலை. அதனால் அந்த வட்டாரத்தில் கட்டிய ஒவ்வொரு வண்டியும் கடைசியில் அக்காவின் கண்ணுக்குக் கீழே வந்தாக வேண்டும். அந்தக் கண் பயிற்சி பெற்ற கண். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெட்டி, பை தைக்கும் ஃபேக்டரியில் செக்கராக இருந்தவள். தையல் கோணியிருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு சின்னக் கோடு போட்டுத் தள்ளிவிட வேண்டும். யார் தைத்தது என்று கேட்கக்கூடாது. நல்ல பெட்டிக்கு அடையாளம் எதுவும் கிடையாது; அது பேசாமல் அடுத்த மேஜைக்குப் போய்விடும். ஃபேக்டரி மூடியது. சாக்பீஸ் மட்டும் அவள் ஏப்ரன் பையில் தங்கிவிட்டது. பைக்குகளின் மேலும் அவள் கோடு போட ஆரம்பித்தாள். ஸ்பேனர் பிடிக்கிற ஆண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவள் கோடு போட்ட நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தபோது சிரிப்பதை நிறுத்தினார்கள். நொட்டை அக்கா என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அது தெரியும். "பொய்ப் பேர் ஒண்ணும் இல்லையே" என்றாள்.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா வேலைக்குப் போய்விடுவதால், வீட்டில் அவனைக் குளிப்பாட்டி, பாடம் சொல்லி, அடித்து வளர்த்தவள் அவள்தான். சின்ன வயதில் அவன் எப்போதும் வண்டிப் படம் வரைந்துகொண்டு வந்து அக்காவிடம் நீட்டுவானாம். "சக்கரம் வட்டமா இல்ல" என்பாள். அழித்து வரைவான். "இப்பவும் இல்ல." மறுபடி அழிப்பான். கடைசியில் சக்கரம் இருந்த இடத்தில் காகிதம் கிழிந்து ஓட்டை விழுந்திருக்கும். பஞ்சு இந்தக் கதையை மாமியார் சொல்லித்தான் கேட்டான். வேடிக்கைக் கதையாகத்தான் அவள் சொன்னாள். அவனும் வேடிக்கையாகத்தான் கேட்டான்.

வளர்ந்தபிறகு தம்பி வண்டி கட்டுகிறவன் ஆனான். நல்ல கை. ஆனால் எந்த வேலையைச் செய்தாலும் முதல் பார்வை அக்கா பக்கம்தான் போகும்.

வண்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூடிக்கிடந்த ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடுவார்கள். புதிதாகக் கட்டிய வண்டியைக் கொண்டுவருகிறவன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். டேங்க் போனால்தான் ஃபிரேமின் எலும்பெல்லாம் தெரியும். மற்றவர்கள் சுற்றிவந்து குறை சொல்வார்கள். சொல்லி முடிக்கும்வரை அவன் டேங்கைக் கீழே வைக்கக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. வாய் திறந்தால், வருஷத்துக்கு ஒருமுறை எல்லோரும் வரிசையாகப் போகிற மலை ஓட்டத்தில் அந்த வருஷம் அவன் வண்டி சேராது. குறை நீள நீள டேங்க் கனக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவனைப் போல ஒரு முகம் எல்லோருக்கும் வந்துவிடும்.

கடைசியாக அக்கா சாக்பீஸோடு வருவாள். அவள் முடித்தபிறகு வண்டி அம்மை போட்ட மாதிரி இருக்கும். ஒரு கோடுகூட வாங்காத வண்டி மலை ஓட்டத்தில் முதலில் போகும் என்று ஒரு விதி உண்டு. அப்படி ஒரு வண்டி அதுவரை பிறக்கவில்லை.

முதல் வருஷம் தம்பி கொண்டுவந்த வண்டிக்கு வேறொரு வண்டியின் ஃபோர்க்கைப் பொருத்தியிருந்தான். அதற்காக ஃபிரேமின் பழைய கழுத்தை அறுத்து, வேறு கழுத்தைப் பற்றவைத்திருந்தான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஃபிரேமோடு சேருகிற இடம்தான் கழுத்து. பிரேக் பிடித்தால் வருகிற தள்ளல், பள்ளத்தில் விழுந்தால் வருகிற இடி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். தம்பி அதற்குப் பயந்து இரண்டு பக்கமும் முக்கோணத் தகடு வைத்து, தாராளமாகப் பற்றவைத்திருந்தான். பற்றவைத்த இடமெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது.

அக்கா சுற்றிவந்தாள். கழுத்தருகே நின்றாள்.

"எல்லாம் சரி. கழுத்துலதான் கண்டமாலை வந்திருக்கு."

கழுத்தில் கட்டிகட்டியாக வீங்குகிற நோய் அது. முற்றமே சிரித்தது. எப்போதும் வாய் ஓயாத பெயிண்டர், "டாக்டர்கிட்ட காட்டுப்பா, முத்திடப்போகுது" என்றான். அன்றிலிருந்து அந்த வண்டிக்குப் பெயரே கண்டமாலை. தம்பி டேங்கைப் பிடித்தபடி நின்றான். விதிப்படி ஒன்றும் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

திரும்பி வரும் வழியில் பஞ்சு, "கொஞ்சம் தன்மையா சொல்லியிருக்கலாமே, தம்பிதானே" என்றான்.

"தம்பிங்கறதுக்காக வண்டி அழகாயிடுமா?"

அடுத்த வருஷம் தம்பி அதே வண்டியைத் திரும்பக் கொண்டுவந்தான். சீட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பலகை. மற்றபடி வண்டி ஆளே மாறிவந்திருந்தது. மழைமேகக் கறுப்பில் பெயிண்ட். டேங்கைக் கழற்றினால் ஃபிரேம் ஒரே குழாயை வளைத்துச் செய்த மாதிரி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் ஓடியது. கழுத்தில் ஒரு புடைப்பு இல்லை. தகடு இல்லை. குழாய் குழாயோடு சேரும் இடம் முழங்கையின் உட்புறம் மாதிரி வழுவழு என்று இருந்தது.

அக்கா ஒருமுறை சுற்றினாள். இன்னொருமுறை சுற்றினாள். குனிந்து, கட்டைவிரலால் கழுத்தைத் தடவினாள். தடவிய விரல் அங்கேயே கொஞ்சம் தங்கியதைப் பஞ்சு பார்த்தான். பிறகு அவள் சாக்பீஸை ஏப்ரன் பைக்குள் போட்டாள்.

"குறை இல்ல."

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை என்று தெரிந்தபிறகுதான் சத்தம் கிளம்பியது. "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா, தொட்டுப் பாருங்கடா" என்று பெயிண்டர் கத்தினான். தம்பி டேங்கைக் கீழே வைக்க மறந்து நின்றான். அவன் கையிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அவன் முகத்தைப் பார்த்த பஞ்சுவுக்கு, ஏனோ தெரியவில்லை, சந்தோஷம் வரவில்லை. உயரத்தில் நடக்கிறவனைக் கீழே நின்று பார்ப்பது போல இருந்தது.

மலை ஓட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வண்டி சீட்டுக்காக அவர்கள் பட்டறைக்கு வந்தது. தம்பியே ஓட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனான். அக்கா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல தோலை எடுத்தாள். பஞ்சு ஃபோம் வெட்டினான். வேலை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது.

பெயிண்டர் டீ குடிக்க வந்தவன் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டான், தான் அடித்த பெயிண்டை யாராவது பாராட்டுவார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு.

"கழுத்தைப் பாத்தீங்களாக்கா? எம்புட்டு வேலை தெரியுமா அதுக்கு? தகட்டை அறுத்துக் கடாசிட்டு, மிச்சத்துல கிரைண்டரைப் போட்டு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினான் உங்க தம்பி. போதும்டான்னா கேக்கல. பத்தவெச்சதே தெரியக்கூடாதாம். ஒரு எடத்துல பள்ளமே விழுந்துடுச்சு. நான்தான் பெயிண்டுக்கு அடியில பட்டி மாவு பூசி மூடிக் கொடுத்தேன். இப்ப யாராவது கண்டுபிடிக்கட்டும் பாக்கலாம்."

அக்கா கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துப் பெயிண்டர் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

பற்றவைத்த இடத்தில் புடைத்திருப்பதும் இரும்புதான். அதுவும் சேர்ந்துதான் இழுத்துப் பிடிக்கிறது. அழகுக்காக அதைத் தேய்த்துச் சமமாக்கினால், பிடிமானத்தையே தேய்த்ததாகிவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தே செய்வார்கள். கண் கேட்கிறதைக் கை மறுக்காது.

அவள் டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தாள். பஞ்சுவையும் கூப்பிட்டுக் காட்டினாள். கறுப்புப் பெயிண்டில், கழுத்தும் குழாயும் சேருகிற இடத்தின் அடிப்பக்கத்தில், ஒரு கோடு. தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. பஞ்சு விரலை நனைத்துத் துடைத்துப் பார்த்தான். முடி இல்லை. அக்கா அதன் இரண்டு முனையிலும் சாக்பீஸால் ஒவ்வொரு புள்ளி வைத்தாள்.

அன்று சாயங்காலமே தம்பியை வரச்சொன்னாள்.

"தகட்டை எடுத்துட்டியாமே?"

"எடுத்தேன். அசிங்கமா இருந்துச்சுல்ல." அவன் சிரித்தான். தன் ரகசியத்தை அவள் கண்டுபிடித்ததில் அவனுக்குப் பெருமைதான்.

"எவ்ளோ தேச்ச?"

"நீதான் தடவிப் பாத்தியே. அவ்ளோ."

"திரும்பப் பத்தவை. தகடு போடு. அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போவுது."

தம்பியின் சிரிப்பு மெதுவாகத்தான் போனது. "அக்கா, தகடு இருந்துச்சு, கண்டமாலைன்ன. ஊரே சிரிச்சுது. தகடு இல்ல, குறை இல்லன்ன. இப்ப மறுபடியும் தகடு வேணும். நீ என்னதான் சொல்ற?"

"கோடு விழுந்திருக்குடா. குனிஞ்சு பாரு."

குனிந்தான். "இது பட்டி. பட்டி காஞ்சா வெடிக்கும். பெயிண்டரைக் கேளு. உள்ள இரும்பு கல்லு மாதிரி இருக்கு."

"அப்ப சுரண்டிப் பாத்துடலாம். இரும்பு நல்லாருந்தா நானே பெயிண்ட் அடிச்சுத் தரச்சொல்றேன்."

"பெயிண்ட்ல கை வெச்ச, அப்புறம் எனக்கு அக்கா இல்ல."

 எதிரே இருக்கிற, இரும்பு உருக்கும் வார்ப்பட உலையின் காற்றுவிசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பஞ்சு சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தான். "ரெண்டு பேரும் உக்காருங்க, முதல்ல டீ..."

"மாமா, நீங்களே சொல்லுங்க. பொறந்ததுலேருந்து ஒரே ஒரு தடவை நல்லாருக்குன்னு சொன்னா. அதையும் அவளால தாங்க முடியல. திரும்ப வாங்கிக்கணும். அதானே இது?"

"எனக்கு ஃபோம்தான் தெரியும் மாப்ளே" என்றான் பஞ்சு. எப்போதும் எடுபடுகிற வார்த்தை. அன்று எடுபடவில்லை.

தம்பி வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "பாரு" என்று இரண்டு கையையும் ஹேண்டிலில் ஊன்றி, முன்பிரேக்கைப் பிடித்து, முழு பாரத்தையும் கொடுத்து முன்னும் பின்னும் குலுக்கினான். ஒரு சத்தம் கேட்டது. 'டிக்' என்று. ஆணியில் ஆணி தட்டுகிற மாதிரி மிகச் சின்னச் சத்தம்.

"கேட்டுச்சா?" என்றாள் அக்கா.

"பிரேக் பேடு" என்றான் தம்பி. இறங்கினான். போகும்போது குனிந்து, இரண்டு சாக்பீஸ் புள்ளிகளையும் கட்டைவிரலால் துடைத்துவிட்டுப் போனான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "நான் அந்த வார்த்தையைச் சொல்லலைன்னா தகடு அங்கயே இருந்திருக்கும்."

"நீ சொன்னது அழகைப் பத்தி. அறுக்கச் சொன்னியா?"

"அவனுக்கு எது எதுன்னு பிரிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும்."

 பஞ்சுவுக்குத் தூக்கம் வரவில்லை. தம்பி கேட்ட கேள்வி செருப்பில் மாட்டிய கல் மாதிரி அவனுக்குள்ளும் உருண்டுகொண்டிருந்தது. நிஜமாகவே கோடு பட்டியில்தான் விழுந்திருந்தால்? ஒருமுறை பாராட்டிவிட்டவள் அதைப் பொறுக்கமுடியாமல்தான் குறை தேடுகிறாளா? பெண்டாட்டியைப் பற்றி அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டான். ஆனாலும் நினைத்தான்.

அவள் அப்போது கையில் எடுத்த ஆயுதம் தாமதம். சீட் இன்னும் முடியவில்லை என்றாள். தோல் சரியாக இழுபடவில்லை என்றாள். ஃபோமின் முன்பக்கத்தைச் சீவச் சொன்னாள். சீவியபிறகு வேறு வெட்டச் சொன்னாள். பஞ்சுவுக்கு முதலில் புரியவில்லை. ஒருநாள் வெளியே போய்விட்டு வந்தவன், முந்தினநாள் முடித்திருந்த தையலை அவள் பிளேடால் ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். கோணல் எதுவும் இல்லாத தையல். அவள் கையால் அவ்வளவு நேரான தையலை அவன் அதுவரை பார்த்ததில்லை. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் மெல்ல வந்து ஃபோமைச் சீவ உட்கார்ந்தான். சீவுவதற்கு ஒன்றும் இல்லை. சும்மா சீவினான்.

தம்பி போன் பண்ணினான். நேரில் வந்தான். ஒருநாள், "எஞ்சினுக்கு ஓட்டம் வேணும்" என்று வெறும் பலகையின் மேலேயே உட்கார்ந்து தெருக்கோடிவரை ஓட்டிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் திரும்பி வரும்வரை அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவன் போனபிறகு பஞ்சு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தான். கோடு கொஞ்சம் நீண்டிருந்த மாதிரி இருந்தது. வெளிச்சம் சாய்வாக விழுந்ததால் அப்படித் தெரிந்திருக்கலாம். புள்ளிகள் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மலை ஓட்டத்துக்கு முந்தின நாள் தம்பியிடமிருந்து சேதி வந்தது. மத்தியானம் வருகிறான். சீட் ஆனாலும் சரி, ஆகாவிட்டாலும் சரி, வண்டியை எடுத்துக்கொண்டு போகிறான். நாளைக்கு எல்லோருக்கும் முன்னால் அவன் வண்டி போக வேண்டும். அது அக்கா கொடுத்த இடம். அவளே நினைத்தாலும் திரும்பப் பிடுங்க முடியாது.

மலைப்பாதையைப் பஞ்சு பார்த்திருக்கிறான். ஏறுவது ஒன்றுமில்லை. இறங்கும்போது வளைவுக்கு வளைவு முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரவேண்டும். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் முட்டியளவு கைப்பிடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் மரங்களின் தலை மட்டும் தெரியும்.

அன்று காலை அக்கா அதிசயமாகச் சீட்டை முடித்துவிட்டாள். பிரிக்கவில்லை. முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, சீட்டை மேஜைமேல் வைத்து ஒரு துணியால் மூடினாள். மத்தியானம் தெருவில் பட்டறைகள் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கின. எதிரே உலை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க முடியாது.

"என்னங்க, ஃபோர்க்கைக் கழட்டித் தாங்க" என்றாள்.

சுரண்டிப் பார்க்கப்போகிறாள் என்று பஞ்சு நினைத்தான். அதுதான் நியாயமாகவும் பட்டது. தம்பி கத்துவான், கத்தட்டும். இரும்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். நன்றாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். வெடித்திருந்தால் அவனே பார்த்துக்கொள்வான். பஞ்சு டேங்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். வண்டியை மரப்பெட்டியில் ஏற்றி, சக்கரத்தையும் ஃபோர்க்கையும் கழற்றினான். பிறகு பெயிண்ட் சுரண்டும் தகட்டைத் துடைத்து அவளிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கினாள். கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தாள். கழுத்தைப் பார்த்தாள். இரண்டு இழுப்பு இழுத்தால் போதும், பெயிண்டும் பட்டியும் போய் உண்மை வெளியே வந்துவிடும். அவள் தகட்டை மேஜையில் வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த இரும்பு அறுக்கிற ரம்பத்தை எடுத்தாள்.

"ஏய், என்ன பண்ற நீ?"

 மேல்குழாயில், கழுத்துக்கு ஒரு சாண் தள்ளி ரம்பத்தை வைத்தாள். தைத்துப் பழகிய கை. இழுப்பு ஒவ்வொன்றும் ஒரே நீளம். இரும்புத்தூள் அவள் ஏப்ரனில் விழுந்தது. பஞ்சு தடுத்திருக்கலாம். அவன் ஷட்டரைப் பாதி இறக்கினான், அவ்வளவுதான். மேல்குழாய் அறுந்தது. கீழ்க்குழாய் அறுந்தபோது கழுத்து தரையில் விழுந்து உருண்டு, அவன் காலடியில் வந்து நின்றது.

அறுபட்டது பற்றவைத்த இடம் இல்லை. அது கோட்டோடு முழுசாக அந்தத் துண்டில்தான் இருந்தது. ஒரு சுத்தியலடி, ஒரு சுரண்டல், தெரிந்துவிடும். பஞ்சு குனிவதற்குள் அவள் வெட்டியெறிந்த தோல் துண்டொன்றில் அதைச் சுற்றி எடுத்துவிட்டாள்.

"பிடிங்க" என்று அவன் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

ரம்பத்தின் சூடு தோலுக்குள்ளிருந்து கைக்கு வந்தது. ஒரு மடிப்பை விலக்கினால் பார்த்துவிடலாம். இத்தனை நாள் நினைத்தது சரியா தப்பா என்று தெரிந்துகொண்டு மிச்ச வாழ்க்கையை நிம்மதியாக வாழலாம். ஆனால் எந்தப் பதில் நிம்மதி என்று அவனுக்குத் தெரியவில்லை. வெடித்திருந்தால், ஒரு வார்த்தையால் தம்பியைக் கொல்லப்போனவள் அவள். வெடிக்காமலிருந்தால், பொறாமையில் அவன் வாழ்க்கையின் ஒரே நல்ல வண்டியை அறுத்தவள் அவள். பஞ்சு மடிப்பை விலக்கவில்லை. அவள் வந்து வாங்கிக்கொண்டாள்.

தெருவைக் கடந்து உலைக்குப் போனாள். பஞ்சு வாசலில் நின்று பார்த்தான். உலைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னம்மா இது, நல்ல இரும்பா இருக்கும்போலயே" என்று பிரிக்கப்போனார். அவள் ஏதோ சொன்னாள். அவர் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தார். அப்படியே, தோலோடு, உள்ளே போட்டார். தோல் எரிந்த நாற்றம் தெருவுக்கு இந்தப் பக்கம்வரை வந்தது. அது அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

அவள் திரும்பி வந்தபோது, "பாத்தியா? வெடிச்சிருந்துச்சா?" என்றான் பஞ்சு. அவள் தரையில் கிடந்த இரும்புத்தூளைப் பெருக்கினாள்.

தம்பி வந்தான். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே நுழைந்தவன், நிமிரும்போது வண்டியைப் பார்த்தான். தலை இல்லாத முண்டமாக அது மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பஞ்சுவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கழுத்து எங்க?"

"உருக்கியாச்சு" என்றாள் அக்கா.

"வெடிச்சிருந்துச்சா? அதை மட்டும் சொல்லு. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். வெடிச்சிருந்துச்சுன்னு சொல்லு, கால்ல விழறேன். இல்லைன்னு சொல்லு, போயிடறேன். சொல்லுக்கா."

பஞ்சுவும் அவள் வாயையே பார்த்தான். அவள் மேஜைக்குப் போனாள். துணிபோட்டு மூடிய சீட்டை எடுக்கப்போகிறாள் என்று நினைத்தான். அவள் சீட்டை எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த டேங்கை, மழைமேக நிறத்தில் தம்பி தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய டேங்கை, இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவன் முன்னால் வந்து நின்றாள்.

தம்பிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது: குறை சொல்லும் முறை இப்போது அவனுடையது. அவன் பேச ஆரம்பித்தான். சக்கரம் வட்டமா இல்லை என்றதிலிருந்து ஆரம்பித்தான். தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறின; அவன் நிறுத்தவில்லை. டேங்க் அவள் பிடியிலிருந்து சரியத் தொடங்கியது. பஞ்சு தாங்கிப்பிடிக்கப் போனபோது, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் டேங்கைக் கீழே வைக்கவில்லை. வெடித்திருந்ததா இல்லையா என்று வாய் திறக்கவில்லை. அன்றைக்கும் சரி, அதன்பிறகும் சரி.